எப்போதும் என்ற சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன், மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகரொன்றில், வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் பின்னறையில் ஒன்பது பேர் கூடியிருந்தோம். வெளியில் யூலை மாதக் குளிர். மேசையில் பிளாஸ்கில் தேத்தண்ணி. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் படிப்பித்த ஒருவரைப் பற்றி, பத்து வயதுப் பிள்ளையொன்று தாயிடம் ஒரு விடயம் சொல்லியிருந்தாள். தாய் பொலிசுக்குப் போய்விட்டார். நிர்வாகம் என்ன செய்வது என்பதுதான் கூட்டத்தின் பொருள். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது.

பத்து நிமிடத்துக்குள் ஒருவர் கேட்டார்: "ஆர் கண்டது?"

ஒருவரும் காணவில்லை. கொஞ்ச நேரம் ஹீற்றர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர், நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தம்பி, இஞ்ச அந்தக் கர்தினாலின்ர வழக்கில என்ன நடந்தது? ஏழு நீதவான்களும் ஒருமிச்சுச் சொல்லிப்போட்டினம், பெடியன் சொன்னது பொய்யெண்டு. ஒரு பிள்ளையின்ர வாய்ச்சொல்லை மட்டும் வைச்சு ஒருத்தரைக் குற்றவாளியாக்கேலாது எண்டு இந்த நாட்டின்ர மேல்கோட்டே சொல்லியிருக்கு. நாங்கள் ஆர்?"

நான் பள்ளியின் செயலாளர். பதில் சொல்லவேண்டிய இடத்தில் இருந்தேன். சொல்லவில்லை. காரணம் வெட்கப்படக்கூடியது: தீர்ப்பை நான் வாசித்திருக்கவில்லை. பேப்பரில் பார்த்த தலைப்புகள்தான் எனக்கும் தெரியும். அதன்பிறகு வாசித்தேன். விக்ரோறிய மேன்முறையீட்டு நீதிமன்றின் நீண்ட தீர்ப்பையும், அதில் மாறுபட்டவர் எழுதிய அதைவிட நீண்ட பகுதியையும், பெரும்பான்மையின் முடிவைக் கவிழ்த்த உயர் நீதிமன்றின் சுருக்கமான தீர்ப்பையும். நான் சட்டத்தரணி அல்ல, கணக்காளன். ஆனால் அவை சாதாரண வாசகருக்கு விளங்காத எழுத்து அல்ல. மாஸ்டர் இந்தச் சஞ்சிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். அன்று அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டதை அவருக்காகவும், அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டு திரிகிற எங்களில் பலருக்காகவும் எழுதுகிறேன்.

வழக்கை மறந்தவர்களுக்காக: ஜோர்ஜ் பெல் 1996 ஓகஸ்டில் மெல்பேர்ண் பேராயரானார். பிறகு சிட்னிப் பேராயர், கர்தினால், வத்திக்கானின் நிதி விவகாரங்களுக்குப் பொறுப்பானவர். 2015இல், முப்பது வயது கடந்த ஒருவர் பொலிசுக்குப் போனார். 1996 டிசெம்பரில் ஒரு ஞாயிற்றுத் திருப்பலிக்குப் பின், புனித பற்றிக் பேராலயத்தில் குருக்கள் திருவுடை மாற்றும் அறைக்குள், பாடகர் குழுவிலிருந்த தன்னையும் தன் நண்பனையும் பேராயர் துஷ்பிரயோகம் செய்தார் என்றார். இருவருக்கும் அப்போது 13 வயது. 1997 பெப்ரவரியில் பேராலயத்தின் நடைவழியில் தனக்கு இன்னொருமுறை நடந்தது என்றார். தீர்ப்புகளில் அவருக்குப் பெயர் 'ஏ'. நண்பன் 'பி'. பி 2014இல் இறந்துவிட்டார். உயிரோடிருந்த காலத்தில் தாய் கேட்டபோது, அப்படி ஒன்றும் தனக்கு நடக்கவில்லை என்று சொல்லியிருந்தார்.

பெல் எல்லாவற்றையும் மறுத்தார். 2018இல் முதலாவது ஜூரி ஒரு முடிவுக்கு வரமுடியாமல் கலைந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் இரண்டாவது ஜூரி, பன்னிரண்டு பேரும் ஒருமித்து, ஐந்து குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. ஆறு வருடச் சிறை. 2019 ஓகஸ்டில் விக்ரோறிய மேன்முறையீட்டு நீதிமன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. 2020 ஏப்ரல் 7ஆம் திகதி, கொரோனாவில் ஊரே அடங்கிக் கிடந்த கிழமையில், உயர் நீதிமன்றின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து ரத்துச் செய்தார்கள். (பெயர்தான் உயர் நீதிமன்று, இந்த நாட்டில் அதற்கு மேலே வேறு கிடையாது.) 400 நாளுக்கு மேல் சிறையிலிருந்த பெல் அன்றே வெளியே வந்தார். 2023 ஜனவரியில் றோமில் காலமானார். சட்டத்தின் முன் அவர் குற்றமற்றவராகவே இறந்தார். இந்தக் கட்டுரை அதற்கு மாறாக எதையும் சொல்ல வரவில்லை.

மாஸ்டர், அந்த ஏழு பேரும் பெடியன் பொய் சொன்னான் என்று எங்கும் எழுதவில்லை. அவர்கள் தொடங்குகிற இடமே வேறு. ஏ சொன்னதை ஜூரி நம்பியது, அவரை உண்மையான, நம்பத்தக்க சாட்சியாக எடுத்துக்கொண்டது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம் என்றுதான் தொடங்குகிறார்கள். பிறகுதான் கேள்வி: அவ்வளவு நம்பிய பின்னும், மற்றச் சாட்சியங்களையும் சேர்த்து முழுதாகப் பார்த்து நியாயமாகச் சிந்திக்கிற ஒரு ஜூரி, சந்தேகம் கொண்டிருக்க வேண்டாமா? வேண்டும் என்றார்கள். கொண்டிருக்கலாம் அல்ல, வேண்டும். தமிழில் ஒரு விகுதியில் மாறிப்போகிற இந்த வித்தியாசத்தில்தான் இந்த நாட்டின் மேன்முறையீட்டுச் சட்டமே நிற்கிறது. ஒரு ஜூரி சந்தேகப்பட்டிருக்கலாம் என்பதற்காக அதன் முடிவை மேல்நீதிமன்று கலைக்கக்கூடாது. சந்தேகப்பட்டே இருக்கவேண்டும் என்றால் கலைக்கலாம்.

இந்த அளவுகோல் 1994இல் 'எம்' என்ற பெயரில் வந்த வழக்கில் வகுக்கப்பட்டது. அதுவும் ஒரு மகள் தன் தகப்பனுக்கு எதிராகச் சொன்ன வழக்குத்தான். அங்கும் தண்டனை ரத்தானது. மேல்நீதிமன்றுகள் ஜூரியின் தீர்ப்பை எப்படி நிறுப்பது என்ற கேள்வி, திரும்பத் திரும்ப, அறைக்குள் ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டும் இருந்த வழக்குகளில்தான் கூர்மைப்பட்டிருக்கிறது. கொலைக்கு உடல் இருக்கும். களவுக்குப் போன பொருள் இருக்கும். இதற்குச் சொல் மட்டுமே இருக்கும்.

ஒரு வாய்ச்சொல் போதாது என்பதும் தவறு. விக்ரோறியாவின் சாட்சியச் சட்டம் ஒரு சாட்சியை இன்னொன்று தாங்கவேண்டும் என்று கேட்பதில்லை. இது வெள்ளைக்காரரின் புதிய தாராளம் என்று நினைக்காதீர்கள். நீங்களும் நானும் பிறந்த நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள்: எந்த விடயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை. அதற்கு மூலமான 1872 இந்தியச் சட்டத்திலும் அதே இலக்கம், அதே பொருள். "ஆர் கண்டது?" என்ற கேள்வி எங்களுக்குச் சட்டத்திலிருந்து வரவில்லை. அது வேறெங்கேயோ இருந்து வருகிறது. எங்கேயிருந்து என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூரி சொன்னால் அது தெய்வவாக்கு என்று நான் நினைப்பதாகவும் எடுக்கவேண்டாம். 1996இல் குமாரபுரத்தில் நடந்த கொலைகளுக்காக இருபது வருடம் கழித்து அனுராதபுரத்தில் வழக்கு நடந்தபோது, எங்கள் சனம் போய்ச் சாட்சி சொல்லி, ஜூரி இராணுவத்தினரை விடுதலை செய்ததை நாங்கள் பார்த்தோம். ஜூரி யாரை நம்பும், யாரை நம்பாது என்பது எங்களுக்குப் புத்தகப் படிப்பு அல்ல. ஆகவே மேல்நீதிமன்று ஒன்று ஜூரியைத் திருத்தத்தான் வேண்டும். நான் கேட்பது, திருத்தும்போது எதை எடைக்கல்லாகப் போடுகிறார்கள் என்று.

இங்கேதான் எனக்கும் அந்த ஏழு பேருக்கும் பிணக்கு.

பெல்லுக்குச் சாதகமாக நின்றவை மூன்று. ஒன்று, திருப்பலி முடிந்ததும் பேராயர் பேராலயத்தின் வாசற்படியில் நின்று மக்களோடு பத்து நிமிடமாவது கதைப்பது வழக்கம். இரண்டு, திருவுடையோடு இருக்கும் பேராயர் தனியே விடப்படுவதில்லை, யாராவது கூடவே இருப்பார்கள், அது திருச்சபையின் நெடுங்கால முறை. மூன்று, பவனி முடிந்த பிறகு அந்த அறைக்குள் பீடப் பணியாளர்களும் மற்றவர்களும் போவதும் வருவதுமாக இருப்பார்கள். ஏ சொன்னது நடக்க ஐந்தாறு நிமிடமாவது வேண்டும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் தவறியிருந்தால்தான் அந்த ஐந்தாறு நிமிடம் கிடைக்கும். அப்படித் தவறியிருக்கலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றின் பெரும்பான்மை சொன்னது. தவறியிருக்கலாம் என்பது போதாது, தவறவில்லை என்ற நியாயமான சாத்தியத்தை அரச தரப்பு இல்லாமலாக்கியிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்று சொன்னது.

அந்த வாதத்தின் எலும்பு சரியானது. அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் நான் நேர்மையற்றவன். நிரூபிக்கும் சுமை அரசினுடையது. எதிரி தன் வழக்கம் அன்றைக்கும் நடந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கலாம் என்ற நியாயமான சாத்தியம் போதும். நடந்திருக்க முடியாததா என்று கேட்ட கீழ்நீதிமன்று சுமையைத் தலைகீழாக மாற்றிவிட்டது என்பதை, பலமுறை வாசித்தபின், நானும் ஏற்கிறேன். எங்கள் ஆட்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பொலிஸ் எழுதிய வாக்குமூலத்தோடு உள்ளே தள்ளிவிட்டு, நீயே இல்லையென்று காட்டு என்று கேட்ட நாட்டிலிருந்து வந்தவன் நான். சுமை எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

ஆனால் தட்டில் போடப்பட்ட கல்லைப் பாருங்கள். வழக்கம். அந்தச் சாட்சிகளில் மிகப் பெரும்பாலானோர் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சாட்சி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார்கள். சடங்கை நெறிப்படுத்தியவர் மட்டும் குறிப்பிட்ட நாட்களில் தான் கூடவே நின்றது நினைவிருப்பதாகச் சொன்னார். அந்த நினைவு எவ்வளவு உறுதி என்று மேன்முறையீட்டு நீதிமன்றின் பெரும்பான்மை ஐயப்பட்டது. அவருடைய நேர்மையை அரச தரப்பு கேள்விக்குள்ளாக்கவில்லை என்பதை உயர் நீதிமன்று பெரிதாக எடுத்தது. நானும் அவர்களுடைய நேர்மையைக் கேள்விக்குள்ளாக்கவில்லை. அதுதான் விடயமே. நேர்மையான ஒருவர் "எப்போதும்" என்று சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார்?

நினைவை அல்ல. விதியைச் சொல்கிறார். எப்படி நடக்கவேண்டுமோ அதை, நடந்ததாக நம்பிச் சொல்கிறார். விதி தவறிய நாளில் அவர் அங்கே இருந்திருக்கமாட்டார், அதனால்தான் அது தவறிய நாள். கூட நிற்க வேண்டியவர் நிற்காமல் போன ஐந்து நிமிடத்துக்கு, கூட நிற்க வேண்டியவர் சாட்சியாக இருக்க முடியாது. அந்த ஐந்து நிமிடத்தை அறியக்கூடிய ஒரே ஆள், அது யாருக்கு நடந்ததோ அந்த ஆள். அவரை நம்பியாயிற்று என்று சொல்லிவிட்டு, அவர் மட்டுமே அறியக்கூடிய ஒன்றை, அறிய வழியில்லாத இருபது பேரின் விதியால் நிறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருபது பேர் என்று நாங்கள் எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு விதிதான், இருபது வாயால் சொல்லப்பட்டது.

இதில் காலத்தின் பங்கு ஒன்று இருக்கிறது. தீர்ப்புகளில் நான் தேடிக் கிடைக்காதது இதுதான். சிறுவர் துஷ்பிரயோகங்களுக்கு நிறுவனங்கள் காட்டிய எதிர்வினை பற்றி ஆராய்ந்த அவுஸ்திரேலிய அரச ஆணைக்குழு 2017இல் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அதன்முன் தனியறையில் கதைத்தவர்கள், தமக்கு நடந்ததை முதன்முதலில் யாரிடமாவது சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். ஏ பதினெட்டரை ஆண்டில் பொலிசுக்குப் போனார். சராசரிக்கு முந்திவிட்டார் என்று சொல்லவேண்டும். இத்தனை ஆண்டில் சுற்றியிருந்த மற்றவர்களின் நினைவுக்கு என்ன நடக்கும்? குறிப்பிட்ட ஞாயிறு போய்விடும். அன்று யாருக்குத் தடிமன், யார் லீவு, யார் வெயிலுக்குள் நின்று கதைக்கப் பஞ்சிப்பட்டு உள்ளே போனார்கள் என்பதெல்லாம் போய்விடும். வழக்கம் மட்டும் போகாது. நூறு தடவை செய்ததல்லவா, அது எலும்பில் நிற்கும். காலம் நாளைத் தின்றுவிட்டு வழக்கத்தை விட்டுவைக்கிறது. பிள்ளை வாய் திறக்கப் பிந்துவது துஷ்பிரயோகத்தின் விளைவு. அந்தப் பிந்தலே வழக்கத்தைக் கனமாக்குகிறது. காலதாமதத்தால் எதிரிக்கு ஏற்படும் பாதகத்தைப் பற்றி ஜூரிக்குச் சொல்லச் சட்டத்தில் இடமுண்டு. நியாயந்தான். பிந்தலால் வழக்கம் அளவுக்கு மீறிப் பருத்துவிடுகிறது என்பதை மேல்நீதிமன்றுக்கு யார் சொல்வது?

வழக்கம் எல்லோருக்கும் இருப்பதுமில்லை. பேராலயத்துக்கு இருக்கிறது: நெறிப்படுத்துபவர், திருவுடைகளுக்குப் பொறுப்பானவர், பவனியின் ஒழுங்கு, எழுதிவைத்த முறை. வசந்தமண்டபத்துக்கு யார் எப்போது போகலாம் என்று எங்கள் கோயில்களுக்கும் இருக்கிறது. நிறுவனம் பெரிதாகப் பெரிதாக வழக்கம் தடிக்கும். பாடசாலை முடிந்து தனியே பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு வழக்கம் கிடையாது, அன்றன்றைய நாள்தான் உண்டு. எதிரி ஒரு தனி மனிதனாக, உதவியாளரும் ஒழுங்கும் இல்லாத ஒரு சாதாரண பக்கத்து வீட்டுக்காரனாக இருந்திருந்தால், அந்தத் தட்டில் போட இந்தக் கல்லே இருந்திருக்காது. அந்த ஏழு பேரும் பெரிய மனிதருக்குச் சலுகை காட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சதிக்கதை சொல்வது தீர்ப்பை வாசிப்பதைவிட இலேசு. நான் சொல்வது, வழக்கத்தைச் சாட்சியமாக எடுக்கும் முறையே வழக்கமுள்ளவர்களின் பக்கம் சாயும் என்பது.

மறுபக்கத்தில், ஏ சொன்னதற்கு வெளியிலிருந்து கிடைத்த தாங்கலும் இருந்தது. பேராயருக்கென்று இருந்த அறை அந்த நாட்களில் பாவனையில் இல்லை, அதன் தளபாடங்கள் திருத்தத்துக்குப் போயிருந்தன, அதனால் அவர் குருக்களின் அறையைத்தான் பாவித்தார். வழமைக்கு மாறான அந்த ஏற்பாட்டுக் காலத்துக்கு ஏயின் கதை பொருந்தியது. கீழ்நீதிமன்றின் பெரும்பான்மைக்கு அது கனமாகப் பட்டது. கவனியுங்கள், அதுவும் ஒரு விதிவிலக்கு. அந்த மாதத்தில் ஒரு வழக்கம் ஏற்கனவே குலைந்திருந்தது.

நண்பர்கள் சிலர் வேறொரு குறை சொல்கிறார்கள்: மேன்முறையீட்டு நீதிபதிகள் ஏ சாட்சி சொன்ன ஒளிப்பதிவைப் பார்த்தார்கள், பேராலயத்துக்கே போய் நின்றார்கள், உயர் நீதிமன்றோ, தக்க தேவை இல்லாமல் மேல்நீதிமன்றுகள் ஒளிப்பதிவைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டது, முகத்தைப் பார்க்காமல் எப்படி நீதி என்று. இதில் நான் உயர் நீதிமன்றின் பக்கம். முகம் பார்த்து உண்மை பிடிக்கலாம் என்பது பெரிய மூடநம்பிக்கை. எங்கள் பிள்ளைகள் பெரியவர்களோடு கதைக்கும்போது கீழே பார்ப்பார்கள். பயந்தால் சிரிப்பார்கள். அதைப் பொய்யென்று வாசிக்க ஒரு வெள்ளைக்கார நீதிபதிக்கு அரை நிமிடம் போதும். கடதாசியில் சொல்லை வாசிப்பது அதைவிடப் பாதுகாப்பு. ஆனால் அதே கடதாசியில் "எப்போதும்" என்ற சொல்லையும் அதே கண்ணால் வாசிக்கவேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் மற்றவர்களைப் பற்றி எழுதியது இதைச் சொல்லத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு கிழமை கழித்து ஒரு பெண் பொலிஸ் அதிகாரி என்னிடம் வாக்குமூலம் எடுத்தார். மரியாதையான பெண், எங்கள் பிள்ளைகளின் வயது. வகுப்பறைக் கதவைப் பற்றிக் கேட்டார். நான் உடனே சொன்னேன்: வகுப்பு நடக்கும்போது கதவு எப்போதும் திறந்தே இருக்கும், ஒரு பெரியவர் தனியே ஒரு பிள்ளையோடு இருக்க நாங்கள் விடுவதில்லை. தயக்கமில்லாமல் சொன்னேன். பெருமையோடு என்றும் சொல்லலாம். ஏனென்றால் அந்த விதியை எழுதியவனே நான்தான். சிறுவர் பாதுகாப்புத் தராதரங்கள் விக்ரோறியாவில் கட்டாயமானபோது, அரசாங்கம் தந்த மாதிரியைப் பார்த்து இரவிரவாக இருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, லமினேற் பண்ணி, சுவரில் ஒட்டினேன். எனக்கு முன் எழுதப்பட்ட விதி, நான் பார்த்த சனிக்கிழமைகள், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நான் பொய் சொல்லவில்லை. என்னை யார் குறுக்கு விசாரணை செய்தாலும் என் நேர்மையில் ஓட்டை போட்டிருக்க முடியாது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, குளிர் அல்ல, வெக்கை நாள், ஏசி போட்டதால் ஓர் ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு உள்ளே படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் நடைபாதையால் போனேன். கதவைப் பார்த்தேன். அப்படியே நின்றேன். யூலையில் ஹீற்றர் போட்டால் நாங்கள் கதவைச் சாத்துவோம். பக்கத்து அறையில் மிருதங்க வகுப்பு இருக்கும் நாட்களில் சத்தம் தாங்காமல் சாத்துவோம். தாய்மார் பிந்தி வரும் நாட்களில் கடைசிப் பிள்ளையோடு யாராவது ஒருவர் உள்ளே இருப்பார், மற்றவர்கள் கதிரை அடுக்கப் போய்விடுவோம். நானே, என் கையால், "குளிருது சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னதற்காக, அந்த வகுப்பின் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறேன். உள்ளே அவர்தான் இருந்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "எப்போதும்" என்று சொன்னேன், சொன்னபோது அது உண்மை என்று நம்பினேன்.

அதற்கிடையில் நிர்வாகம் தன் முடிவை எடுத்துவிட்டது: குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே அவர் தொடர்ந்து படிப்பிக்கலாம். ஒன்பதில் ஏழு வாக்கு. நான் நடுநிலை வகித்தேன். அந்தச் சொல்லை எழுதவே கூசுகிறது. நாங்கள் செய்த பிழை உயர் நீதிமன்றைப் பின்பற்றியது அல்ல, பின்பற்றக்கூடாத இடத்தில் பின்பற்றியது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் என்பது ஒரு மனிதனைச் சிறையில் போடுவதற்கான தராசு. அது அவ்வளவு நுட்பமாக இருப்பது அவனுடைய சுதந்திரத்துக்காக. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது யாருடைய சுதந்திரமும் அல்ல. சம்பளமுமில்லை. குடியியல் நீதிமன்றில்கூட எது கூடுதல் சாத்தியம் என்பதுதான் கேள்வி. ஒரு பள்ளிக்கூடம் அந்த அளவுக்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை, பொலிஸ் விசாரணை முடியும்வரை ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்ல எந்தத் தராசும் தேவையில்லை. "அவரின்ர மானம் என்னாகிறது?" என்று மாஸ்டர் கேட்டார். அவருடைய மானத்தைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். பிள்ளை அடுத்த சனிக்கிழமை எந்த வாசலால் உள்ளே வருவாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் வரவில்லை. தம்பியையும் தாய் நிறுத்திவிட்டார். இருவரும் இப்போது தமிழ் படிப்பதில்லை என்று கேள்வி.

ஏ, தீர்ப்புக்கு அடுத்த நாள் ஓர் அறிக்கை விட்டார். நீதிமன்றின் முடிவை மதிப்பதாகவும் ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். தன் வழக்கைப் பார்த்து மற்றவர்கள் பொலிசுக்குப் போகத் தயங்கக்கூடாது என்று கேட்டார். அந்த அறிக்கையை எங்கள் கூட்டத்தில் யாரும் மேற்கோள் காட்டவில்லை. எங்களுக்குக் கர்தினாலின் விடுதலை மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது.

நான் அந்த அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். என் வாக்குமூலத்தில் ஒரு சொல்லைத் திருத்தவேண்டும் என்றேன். வரச் சொன்னார். போய், கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை, நானே சாத்தியிருக்கிறேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனையை வைக்காமலே கேட்டார்: "எந்தச் சனிக்கிழமை?"

கைத்தொலைபேசியை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். ஆண்டு விழா, வாணி விழா, பொங்கல், பரிசளிப்பு. கதவு சாத்திய ஒரு சனிக்கிழமையை யார் படமெடுத்து வைக்கிறார்கள்? தெரியாது என்றேன். அவர் அதையும் எழுதினார். மூன்று வரி வந்தது. வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வழக்குத் தாக்கல் செய்யப் போதிய சாட்சியம் இல்லை என்று அடுத்த மாதம் தாய்க்குக் கடிதம் வந்ததாகப் பிறகு அறிந்தேன்.